அறுவடை மிஷினில் மணி சிந்துகிறதா? சிந்தும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

அறுவடை முடிந்து ஒரு மழை பெய்தால் போதும். மிஷின் வைக்கோல் போட்டுக்கொண்டு போன வரிசையில் மட்டும் நெல் அடர்த்தியாக முளைத்து நிற்கும். அத்தனையும் டேங்குக்குள் வந்திருக்க வேண்டிய மணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்தக் கோளாறுக்காகப் பலமுறை மிஷினுக்கு அடியில் படுத்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மணி எங்கே சிந்துகிறது என்று தெரிவதற்கு முன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முன்னால் கத்தியில் சிந்தும் மணியை, பின்னால் இருக்கும் ஃபேனைத் திருகி நிறுத்த முடியாது. பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்.

நெல்லை வைத்தே சொல்லியிருக்கிறேன். கோதுமை, சோயா, உளுந்து என்று எதுவானாலும் பார்க்கும் வரிசை இதுதான், எண்கள்தான் மாறும். டிரம் (கதிரை அடித்து மணியைப் பிரிக்கும் உருளை) வேகம், கான்கேவ் (டிரம்மைத் தொட்டில்போல் சுற்றி நிற்கும் கம்பித் தட்டு) இடைவெளி, சல்லடைத் திறப்பு ஆகியவற்றுக்கு மிஷினோடு வந்த புத்தகத்தில் உள்ள அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

கை வைப்பதற்கு முன் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் நின்ற பிறகும் டிரம் சிறிது நேரம் சுற்றும், அது முழுதாக நிற்க வேண்டும். பயிரை வெட்டி உள்ளே தள்ளும் முன்பகுதியான ஹெட்டருக்கு அடியில் குனிவதாக இருந்தால், தூக்கும் சிலிண்டருக்கான பூட்டைப் போட்ட பிறகுதான். ஹைட்ராலிக்கை நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது.

## முதல் வேலை: மணியை எண்ணுவது

ஒரு கம்பியை வளைத்து, ஓர் அடிக்கு ஓர் அடி சட்டம் செய்துகொள்ளுங்கள். மிஷினை வழக்கமான வேகத்தில் ஓட்டி, வயலின் நடுவில் நிறுத்துங்கள். அங்கிருந்து மிஷினின் நீளத்துக்குப் பின்னால் எடுங்கள். இப்போது மூன்று இடங்களில் எண்ண வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து முறை சட்டத்தைப் போட்டுச் சராசரி எடுங்கள்.

முதல் இடம், இன்னும் வெட்டாத பயிருக்குள். இங்கே கிடப்பது மிஷின் வருவதற்கு முன்பே உதிர்ந்தது.

இரண்டாவது இடம், கத்தி வெட்டிவிட்டது, ஆனால் மிஷினின் பின்புறத்திலிருந்து வைக்கோல் விழவில்லை என்ற பகுதி. பின்னால் எடுத்ததால் இது இப்போது மிஷினுக்கு முன்னால் வெறுமையாகத் தெரியும். இங்கே கிடப்பதில் முதல் எண்ணிக்கையைக் கழித்தால், ஹெட்டர் சிந்தியது எவ்வளவு என்று கிடைக்கும்.

மூன்றாவது இடம், வைக்கோல் விழுந்த வரிசை. வைக்கோலை உதறி எடுத்துவிட்டு எண்ணுங்கள். இதில் இரண்டாவது எண்ணிக்கையைக் கழித்தால் வருவது டிரம்மும் சல்லடையும் விட்டது. வைக்கோலைத் துண்டாக்கி வீசும் சாதனம் இருந்தால் சோதனை நேரத்தில் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணி அகலமாகச் சிதறிக் கணக்கு கெட்டுவிடும்.

கணக்கு எளிது. ஆயிரம் மணி சுமார் 23 கிராம் எடை வரும் நெல்லில், ஒரு சதுர அடிக்கு ஒரு மணி என்றால் ஏக்கருக்கு ஒரு கிலோ. ஆயிரம் மணி 15, 16 கிராம்தான் இருக்கும் சன்ன ரகமானால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஓர் உதாரணம். வெட்டாத பயிரில் 3, ஹெட்டர் பகுதியில் 8, வைக்கோல் வரிசையில் 40 மணி. ஹெட்டர் சிந்தியது 5, அதாவது ஏக்கருக்கு 5 கிலோ. பின்னால் 32. ஆனால் வெட்டும் அகலம் 2 மீட்டராகவும் வைக்கோல் விழும் அகலம் 1 மீட்டராகவும் இருந்தால், இரண்டு மீட்டரில் வந்த மணி ஒரு மீட்டரில் குவிந்திருக்கிறது என்று பொருள். அதனால் 32-ஐப் பாதியாக்க வேண்டும்: 16 கிலோ. மொத்தம் 21 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் விளைச்சல் என்றால் இது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. இந்த அளவில் இருந்தால் நான் மிஷினைத் தொடமாட்டேன். நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் உடனே நிறுத்திப் பார்ப்பேன்.

பலர் இந்த அகலக் கணக்கை விட்டுவிட்டு, பின்னால் கிடக்கும் மணியைப் பார்த்துப் பதறிப்போய் நன்றாக ஓடும் மிஷினைக் கலைத்துவிடுகிறார்கள்.

## வெட்டாத பயிரிலேயே மணி அதிகமாகக் கிடக்கிறது

இதற்கு மிஷினில் மருந்து இல்லை. அறுவடை தள்ளிப்போயிருக்கிறது, அல்லது காற்றோ பறவையோ உதிர்த்திருக்கிறது. மணிகளில் 80 முதல் 85 சதவீதம் பொன்னிறமாகி, ஈரப்பதம் 20 முதல் 24 சதவீதம் இருக்கும்போது நெல்லை அறுப்பது நல்லது. அதைவிடக் காய்ந்துவிட்ட வயல் என்றால், உச்சி வெயிலை விட்டுவிட்டு, பனி ஈரம் விலகியதும், பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பக்கத்தில் காயாத வயல் இருந்தால் அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

## ஹெட்டரில் சிந்துகிறது

முதலில் குனிந்து பாருங்கள். கிடப்பது உதிரி மணியா, முழுக் கதிரா? இரண்டுக்கும் காரணம் வேறு.

### உதிரி மணியாகக் கிடந்தால்

ரீல் கதிரை அடிக்கிறது. செலவே இல்லாத காரணம் இதுதான், பெரும்பாலும் காரணமும் இதுவே.

ரீலின் விளிம்பு, மிஷின் நகரும் வேகத்தைவிடச் சற்றே வேகமாக, 10 முதல் 25 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அளப்பது எப்படி? ஒரு நிமிடத்தில் மிஷின் 50 மீட்டர் போனால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். ரீலின் விட்டம் ஒரு மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 3.14 மீட்டர். 50 மீட்டரோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து 60 மீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு 19 சுற்று. ரீலின் ஒரு கட்டையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு எண்ணுங்கள். முப்பது சுற்றுக்கு மேல் ஓடும் ரீல்களை நானே எண்ணியிருக்கிறேன். வயலில் இறங்கும்போது வைத்த வேகத்தை, மிஷினை மெதுவாக்கிய பிறகும் அப்படியே விட்டிருப்பார்கள்.

வேகம் சரி என்றால் உயரத்தைப் பாருங்கள். ரீல் கட்டை கதிரின் மேல் விழக் கூடாது. கதிருக்குச் சற்றுக் கீழே தாளைப் பிடித்து, வெட்டியதும் மெதுவாகப் படுக்க வைக்க வேண்டும். ரீலின் அச்சு கத்திக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

அப்புறம் கத்தி. மழுங்கிய பிளேடு தாளை வெட்டாமல் உலுக்கும், அந்த உலுக்கலிலேயே முற்றிய மணி கொட்டிவிடும். வெட்டிய அடித்தாளைப் பாருங்கள்: சீராக நறுக்கியிருந்தால் கத்தி நல்லது. நார் நாராகப் பிய்ந்திருந்தாலோ வேரோடு இழுத்திருந்தாலோ பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல் விட்டது, நுனி உடைந்தது, ரிவெட் ஆடுவது எல்லாம் மாற்ற வேண்டியவை. பிளேடு, கத்தியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விரலில் உள்ள தகட்டோடு ஒட்டி ஓட வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அழுத்தும் கிளிப்பைச் சரிசெய்யுங்கள். கத்தி ஒரு பக்கம் முழுதாகப் போய் நிற்கும் நிலையில் பிளேடின் நடுவும் விரலின் நடுவும் நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தியை ஆட்டும் கம்பியின் நீளத்தைத் திருத்த வேண்டும்.

கத்தியை ஆட்டும் பெட்டியில் தட்டும் சத்தமோ தளர்வோ இருந்தால் அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதை இறுக்கி ஓட்டினால் கத்தியும் போகும், பெட்டியும் போகும்.

### முழுக் கதிராகக் கிடந்தால்

வெட்டிய கதிர் உள்ளே போகவில்லை. ரீல் மிக உயரமாகவோ மிகவும் முன்னாலோ இருந்தால் வெட்டிய கதிர் கத்திக்கு முன்னால் நழுவி விழும். ரீலைக் கொஞ்சம் இறக்கி, பின்னால் இழுத்துப் பாருங்கள். குட்டைப் பயிரில் ஹெட்டரையும் இறக்க வேண்டியிருக்கும்.

ரீல் சரியாக இருந்தும் கதிர்கள் கத்திக்குப் பின்னால் குவிந்து, திடீரென்று கொத்தாக உள்ளே போனால், வெட்டிய பயிரை உள்ளே தள்ளும் சுருள் உருளையான ஆகரைப் பாருங்கள். ஆகரின் சுருள் தகட்டுக்கும் தரைத் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் தடிமன் இருந்தால் போதும். தேய்ந்து இடைவெளி கூடினால் ஆகரை இறக்கிக்கொள்ளலாம். கொத்துக் கொத்தாக உள்ளே போவதை அலட்சியம் செய்ய வேண்டாம். டிரம் ஒரு நொடி திணறும், அடுத்த நொடி வெறுமையாகச் சுற்றும். முன்னால் தொடங்கிய கோளாறு பின்னால் தெரியும்.

### சாய்ந்த பயிரில் மட்டும் சிந்தினால்

ரீலை முன்னால் தள்ளி, நன்றாக இறக்கி, அதன் கம்பிப் பற்களைப் பின்பக்கம் சாய்த்துவிடுங்கள். பல் பயிருக்கு அடியில் நுழைந்து தூக்க வேண்டும். மிஷின் நகரும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

முழுத் தாளையும் உள்ளே இழுக்கும் மிஷினில், பயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகவோ குறுக்காகவோ ஓட்டினால் பொதுவாக நன்றாக வரும். சாய்ந்த திசையிலேயே ஓட்டினால் கத்தி கதிரைத் தாண்டிப் போகும். ஆனாலும் வயலுக்கு வயல் இது மாறுகிறது. அதனால் இரண்டு பக்கமும் இருபது மீட்டர் ஓட்டி எண்ணிப் பாருங்கள். எதிர்த்திசை நல்லது என்று தெரிந்தால், திரும்பி வரும்போது வெட்டாமல் வெறுமனே வருவதற்கும் தயங்காதீர்கள். எரியும் டீசலைவிட மிஞ்சும் நெல் அதிகம்.

## பின்னால் போகும் வைக்கோலில் மணி ஒட்டியபடி இருக்கிறது

கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணி காம்போடு ஒட்டியிருந்தால் டிரம் அடிக்கவில்லை. இந்த வரிசையில் போங்கள்:

1. என்ஜின் முழு வேகத்தில் ஓடுகிறதா? மெதுவாகப் போக வேண்டுமென்று ஆக்சிலரேட்டரைக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது டிரம், ஃபேன், சல்லடை எல்லாவற்றையும் சேர்த்தே மெதுவாக்கிவிடும். என்ஜின் முழு வேகத்தில் இருக்கட்டும், நகரும் வேகத்தைக் கியரிலோ லீவரிலோ குறையுங்கள்.
2. டிரம் பெல்ட் நழுவுகிறதா? வேலை செய்து நிறுத்திய உடனே ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, புல்லி மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டாலோ நழுவுகிறது. சுற்றும்போதோ நின்ற உடனேயோ புல்லியைத் தொடாதீர்கள், அருகில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும்.
3. பயிர் ஈரமா? காலைப் பனியில் இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.
4. கான்கேவ் இடைவெளியை ஒரு படி குறையுங்கள்.
5. அப்போதும் சரியாகவில்லை என்றால் மட்டும் டிரம் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள்.

நான்காவதையும் ஐந்தாவதையும் மாற்றிச் செய்யாதீர்கள். இடைவெளி குறைவதைவிட வேகம் கூடுவதுதான் மணியை அதிகம் உடைக்கும்.

ஐந்தையும் செய்த பிறகும் ஒரு பக்கத்தில் மட்டும் அடிபடாத கதிர் வந்தால், கான்கேவ் வளைந்திருக்கலாம் அல்லது இரண்டு பக்கமும் சம இடைவெளியில் இல்லாமல் இருக்கலாம். எல்லாப் பக்கமும் வந்தால் டிரம்மின் பட்டையோ பற்களோ தேய்ந்திருக்கும். பட்டையை ஒன்று மட்டும் மாற்றினால் டிரம் எடை சமன் கெட்டு அதிரும். எதிரெதிராக இருக்கும் ஜோடியைச் சேர்த்தே மாற்ற வேண்டும். வளைந்த கான்கேவ், டிரம் அதிர்வு, சுடும் பேரிங் மூன்றும் பட்டறைக்குப் போக வேண்டியவை. வயலில் வைத்துத் தட்டிச் சரிசெய்யும் வேலை அல்ல.

## பின்னால் உதிரி மணி விழுகிறது

டிரம் தன் வேலையைச் செய்துவிட்டது, மணியைப் பிரித்தெடுப்பதில்தான் கோளாறு. மணி வைக்கோலோடு வருகிறதா, சல்லடை முனையிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீளமான ஒரு தட்டையோ சாக்கையோ மிஷினுக்கு முன்னால் வெட்டிய வரிசையில் விரித்து, சக்கரமோ டிராக்கோ ஏறாதபடி மிஷினை அதன் மேலாக ஓட்டுங்கள். விழுந்ததில் வைக்கோலை மெதுவாகத் தூக்கித் தனியே உதறுங்கள். வைக்கோலுக்குள்ளிருந்து மணி கொட்டினால் முதல் கிளை. தட்டில் பதரும் உமியும் கலந்த குவியலில் மணி இருந்தால் இரண்டாவது கிளை.

### வைக்கோலுக்குள் மணி

மிஷின் விழுங்க முடியாத அளவு தாள் உள்ளே போகிறது என்பதுதான் முதல் சந்தேகம். வேகத்தைக் கால் பங்கு குறைத்து மறுபடி எண்ணுங்கள். சட்டென்று குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வேகத்தைக் குறைக்க மனமில்லை என்றால், வெட்டும் உயரத்தை ஒரு சாண் கூட்டுங்கள். தாள் குறையும்போது மணி பிரிவது எவ்வளவு சுலபமாகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். வைக்கோல் முழுநீளம் வேண்டும் என்பவர் மட்டும் இதற்குச் சம்மதிக்கமாட்டார். அப்போது வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னும் விழுந்தால் கான்கேவ் ஓட்டைகளையும் அதற்குப் பின்னாலுள்ள கம்பித் தட்டுகளையும் திறந்து பாருங்கள். பச்சைக் களையும் சேறும் சேர்ந்து அடைத்திருக்கும். ஈர வயலில் இதைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். டிரம் வேகம் மிகக் கூடுதலாக இருந்தாலும் தாள் பொடியாகி மணியை மூடிக்கொண்டு போகும்.

### சல்லடை முனையிலிருந்து மணி

ஃபேன் காற்று அதிகமானால் மணி பறந்து போகும். குறைந்தாலும் பதரும் கூளமும் சல்லடை மேல் பாய்போல் படிந்து, மணி அதன் மேல் சவாரி செய்து வெளியே போகும். விளைவு ஒன்று, தீர்வு எதிரெதிர். அதனால்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள்.

பிரித்தறிய, முதலில் டேங்கைப் பாருங்கள். டேங்கில் மணி படு சுத்தமாக இருந்து பின்னால் சிந்தினால் காற்று அதிகமாக இருக்கலாம். ஃபேனை ஒரு படி குறைத்து எண்ணுங்கள். டேங்கில் கூளம் இருந்து பின்னாலும் சிந்தினால் காற்று குறைவு, ஒரு படி கூட்டுங்கள். டேங்க் சுத்தமாக இருந்து ஃபேனைக் குறைத்தும் மாற்றமில்லை என்றால் மேல் சல்லடை மூடிக் கிடக்கிறது, திறந்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் திடீர் நிறுத்தச் சோதனை இருக்கிறது. முழுப் பயிரில் ஓடும்போதே என்ஜினையும் மிஷினையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுச் சல்லடையைத் திறந்து பார்ப்பது. உள்ளே இருப்பது இருந்தபடியே தெரியும். சூடான டர்போ என்ஜினுக்கு இது நல்லதல்ல, அதனால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஃபேனையும் சல்லடையையும் சேர்த்துத் திருகினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. பழைய அளவைப் பெயிண்டால் குறித்துவிட்டு மாற்றுங்கள்.

சல்லடையின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மணி விழுந்தால் வயல் சரிவா என்று பாருங்கள், மணி தாழ்ந்த பக்கம் ஒதுங்கும். சமதரையிலும் அப்படியே என்றால் சல்லடையைத் தாங்கும் கையின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும் அல்லது சட்டத்தில் விரிசல் இருக்கும். விரிசலுக்கு வெல்டிங் வைப்பதை அனுபவமுள்ளவர் செய்யட்டும், சட்டம் கோணினால் சல்லடை கடைசிவரை சரியாக ஆடாது.

## டேங்கில் உடைந்த மணியும் உரிந்த அரிசியும்

தரையில் விழாத இழப்பு இது, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கைப்பிடி எடுத்து விரித்துப் பாருங்கள்.

டிரம் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் படி. பிறகு கான்கேவைச் சற்றுத் திறக்கலாம். அடுத்து, சரியாகப் பிரியாததை மறுபடி டிரம்முக்கு ஏற்றும் ரிட்டர்ன் எலிவேட்டரின் மூடியைத் திறந்து, அதில் என்ன வருகிறது என்று பாருங்கள். சுத்தமான மணி நிறைய வந்தால் கீழ்ச் சல்லடை மூடியிருக்கிறது. நல்ல மணி மறுபடியும் மறுபடியும் டிரம்முக்குப் போய் அடிபடுகிறது. கீழ்ச் சல்லடையைத் திறந்தாலே பாதி சரியாகிவிடும். அதில் அடிபடாத கதிர்த் துண்டுகள் வந்தால், மேலே ஒட்டிய மணிக்குச் சொன்ன பகுதிக்குப் போங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உடைந்தால் எலிவேட்டர் சங்கிலி தளர்ந்திருக்கலாம், ஆகரின் விளிம்பு தேய்ந்து கத்திபோல் ஆகியிருக்கலாம். சங்கிலியை நீங்களே இறுக்கலாம். ஆகர் மாற்றுவது செலவான வேலை, கடைசியாகப் பாருங்கள்.

## காலையில் சரி, மதியம் சிந்துகிறது

மிஷின் மாறவில்லை, பயிர் மாறிவிட்டது. காலையில் ஈரத் தாளுக்காகக் கூட்டிய டிரம் வேகம் மதியத்தில் தாளைப் பொடியாக்கும், மணியை உடைக்கும். காய்ந்து எடை குறைந்த மணியை அதே ஃபேன் வீசி எறியும். வெயில் ஏறியதும் டிரம்மை ஒரு படி, ஃபேனை ஒரு படி குறைத்து, ரீலையும் மெதுவாக்குங்கள். மாலையில் ஈரம் இறங்கியதும் திரும்பக் கூட்ட வேண்டும். நல்ல ஓட்டுநர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது இறங்கி எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன்.

## கோடு போட்டதுபோல் மணி விழுந்திருக்கிறது

வயல் முழுக்க ஒரே நேர்கோட்டில், கையகலத்தில் மணி கிடந்தால் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். எங்கோ ஓட்டை.

ஒரு மிஷினில் இரண்டு நாள் சல்லடையையும் ஃபேனையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் போனபோது வைக்கோல் வரிசைக்கு ஓரமாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அதன் நேர் மேலே எலிவேட்டரின் அடிமூடி இருந்தது. ஒரு நட்டு கழன்று, மூடி ஒரு விரல் அளவு தொங்கிக்கொண்டிருந்தது. நட்டைப் போட்டதும் கோடு நின்றது. இரண்டு நாளாக மாற்றிய செட்டிங்குகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் மீதிப் பொழுது போனது.

பார்க்க வேண்டிய இடங்கள்: எலிவேட்டர்களின் அடிமூடி, சோதனை மூடிகள், கல் பிடிக்கும் குழியின் கதவு, பயிரை ஹெட்டரிலிருந்து டிரம்முக்கு ஏற்றும் ஃபீடரும் டிரம் பெட்டியும் சேரும் இடத்து ரப்பர், சல்லடைப் பெட்டியின் பக்க ரப்பர், டேங்கைக் காலி செய்யும் குழாயின் அடி. மிஷினை ஒரு தார்ப்பாயின் மேல் நிறுத்தி, டேங்கில் கொஞ்சம் மணியோடு, யாரும் அருகில் இல்லாமல் ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் ஓடவிட்டு அணையுங்கள். தார்ப்பாயில் குவியல் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் போதும். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். தகடு துருப்பிடித்து ஓட்டையானால் தற்காலிகமாக ஒட்டுப் போட்டு அறுவடையை முடித்துவிட்டு, சீசன் முடிந்ததும் தகடு மாற்றக் கொடுங்கள்.